நாலு கிறிக்கில் நிற்கும் பிரேக்

மன்னார்த் தீவில் மேடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. ஒரு வெறும் போத்தலைத் தரையில் படுக்க வைத்தால் அது படுத்த இடத்திலேயே கிடக்கும். அதனால் எங்கள் ஆட்களுக்கு ஹான்ட்பிரேக் ஒரு தேவையில்லாத சாமான். வண்டியை நிறுத்துவார்கள், சாவியை எடுப்பார்கள், போய்விடுவார்கள். வருடக்கணக்கில் இழுக்காத ஹான்ட்பிரேக்கின் கேபிளை உப்புக்காற்று உள்ளுக்குள் இருந்தே தின்றுவிடும். வெளியில் பார்த்தால் கறுப்புத் தோல் பளபளவென்று இருக்கும். உள்ளே கம்பி துருவாகிக் கிடக்கும்.

இதை என்னைவிட நன்றாக அறிந்தவன் இந்த மாவட்டத்தில் இல்லை. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் ஒரு இயந்திரம் ஓடும் சத்தத்தை ரோட்டில் நின்று கேட்டே எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று சொல்லுவேன். இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்த இருபது வருடத்தில் லொறிகளுக்குக் கீழே படுத்துப் படுத்துத் தொழில் படித்தேன். திரும்பி வரும்போது என்னிடம் இருந்தவை மனைவி, மூன்று பிள்ளைகள், சாவிகளும் சுத்தியலும் போட்ட ஒரு ஆயுதப் பெட்டி, கிடங்கில் விழுந்த வண்டியை இரும்புக் கயிற்றால் இழுக்கிற வின்ச் பூட்டிய பழைய லொறி ஒன்று. இன்று பெரிய கராஜ் இருக்கிறது. எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். பாதரின் ஜீப்பும் இங்கேதான் வரும், பள்ளிவாசல் வேனும் இங்கேதான் வரும். ஹஜ்ஜுக்குப் போய் வந்தபிறகு எல்லோரும் என்னை ஹாஜியார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். இதையெல்லாம் பெருமைக்குத்தான் சொல்கிறேன். இனிச் சொல்லப்போவதில் பெருமைக்கு இடம் இல்லை, அதனால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

போன வருடம் ஒரு நாள், மத்தியானத் தொழுகை லுஹர் தொழுதுவிட்டு வந்து கதிரையில் சாய்ந்திருந்தேன். சின்னக் கார் ஒன்று உள்ளே வந்தது. ஓட்டி வந்தவள் முப்பது வயது மட்டில் ஒரு பெண்பிள்ளை. பதுளைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் மருத்துவிச்சியாக இருப்பதாகச் சொன்னாள். அங்கே யாரிடமோ காருக்குப் பின் பிரேக் மாற்றினாளாம். டிரம்முக்குள் நின்று சக்கரத்தைப் பிடிக்கிற ஷூ புதிதாகப் போட்டிருக்கிறார்கள். கால் பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, ஹான்ட்பிரேக் மட்டும் பிடிக்கவில்லை. லீவர் ஒவ்வொரு பல்லாக ஏறும்போது கேட்கிற கிறிக் சத்தம் பத்து வரும்வரை இழுத்தாலும் கார் சரிவில் மெல்ல நகர்கிறது. மலையில் இருந்துகொண்டு சில்லுக்கு முட்டுக்கொடுக்க இரண்டு கல்லை டிக்கியில் வைத்துத் திரிகிறாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பதுளையில் மெக்கானிக் இல்லையா, மன்னார் வரைக்கும் ஏன் இதைக் கொண்டுவந்தாய் என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்பா சொன்னவர். மன்னார் நானாட கை பட்டா மட்டும்தான் நான் வண்டியில ஏறுவன் எண்டு."

நானா என்று இங்கே தமிழ்ச் சனம் எங்கள் முஸ்லிம் ஆட்களைத்தான் கூப்பிடும். எந்த ஊர் என்று கேட்டேன். உயிலங்குளம் என்றாள். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. முகத்தைப் பார்த்தேன். தாயின் நெற்றி அப்படியே இருந்தது.

அவள் தன்பாட்டில் சொல்லிக்கொண்டு போனாள். பதினான்கு வருடமாக அப்பா எந்த வண்டியிலும் ஏறுவதில்லை. எங்கே போவதென்றாலும் சைக்கிள்தான். அவளுக்கு ஆறு மாதத்தில் ஒரு குழந்தை இருக்கிறது, பேரப்பிள்ளையை அவர் இன்னும் பார்க்கவில்லை. கண் பார்வையும் குறைகிறது. வயல் குத்தகைக்குப் போய்விட்டது, வீட்டில் தனியாக இருக்கிறார். தன்னோடு கூட்டிப்போக இரண்டு நாள் லீவு போட்டு வந்திருக்கிறாள். அவரோ, நான் ஏறினால் யாரோ ஒருவர் சாவார் என்கிறார். கடைசியில் இந்த ஒரு சொல்லுக்கு இறங்கி வந்திருக்கிறார்: அந்த நானா ஹான்ட்பிரேக்கைச் செய்து தந்தால் ஏறுகிறேன்.

நான் எழும்பி சாரத்தை மடித்துக் கட்டினேன். என் மகன், இப்போது கராஜை நடத்துகிறவன், ஓடிவந்தான். "வாப்பா, நீங்க கீழ படுத்தா எழுப்ப வின்ச் லொறி வேணும், விடுங்கோ" என்றான். வேலைக்காரர்கள் சிரித்தார்கள். தள்ளிப் போடா என்று சொல்லி ஜாக்கை நானே வைத்தேன்.

இப்போது பதினான்கு வருடத்துக்கு முந்திய கதையைச் சொல்லவேண்டும்.

அப்போது நான் திரும்பி வந்து ஒரு வருடம்தான். கராஜ் என்றால் நாலு பனைமரக் கப்பும் தகரக் கூரையும். பெயர் எடுக்கவேண்டிய காலம். ஒரு வெள்ளிக்கிழமை அவளுடைய தகப்பன் சின்ன லொறி ஒன்றில் வந்தார். உயிலங்குளத்தில் வயல் செய்கிற கமக்காரர். கூடவே மனைவியும். பின் பிரேக் தேய்ந்துவிட்டது, ஷூவின் லைனர் மாற்றவேண்டும் என்றார். ஜும்மாத் தொழுகைக்கு முன் முடித்துத் தருகிறேன் என்று நான் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். சுற்றிவர நாலைந்து பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்காகத்தான் சொன்னேன்.

லைனர் மாற்றினேன். ஹான்ட்பிரேக்கை இழுத்துப் பார்த்தால் லீவர் மேலே மேலே போகிறது, பிடிப்பு இல்லை. புது ஷூ போட்டால் இப்படி வருவது வழமை. சரியான வேலை என்னவென்றால், கேபிளை முதலில் முழுதாகத் தளர்த்தவேண்டும். பிறகு டிரம்முக்குள்ளே இருக்கும் பல்லுச் சக்கரத்தைத் திருப்பித் திருப்பி, ஷூ டிரம்மைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் அளவுக்குக் கொண்டுவரவேண்டும். அதற்குப் பிறகுதான் கேபிளில் கைவைக்கவேண்டும். உள்ளே முதல், வெளியே பிறகு. எனக்கு இது தெரியாமல் இல்லை. புத்தளத்தில் நூறு வண்டிக்குச் செய்தவன். ஆனால் இரண்டு சில்லையும் திரும்பக் கழற்றவேண்டும். பள்ளியில் பாங்கு சொல்ல அரை மணித்தியாலம் இருந்தது.

நான் உள்ளே போகவில்லை. லீவருக்குக் கீழே இருந்த நட்டை இறுக்கினேன், அவ்வளவுதான். லீவர் நாலு கிறிக்கில் கல்லுப்போல் நின்றது. பார்க்க நன்றாகவே இருந்தது. லொறியைக் கராஜின் முன்னால் ரோட்டில் நிறுத்தி, மூன்று பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னேன். அசையவில்லை. தட்டை நிலத்தில், வெறும் லொறிக்கு அரைகுறைப் பிடிப்பே போதும். மேட்டையே காணாத ஊரில் பிரேக் பார்த்தவன் நான். கேபிள் உள்ளே துருப்பிடித்து இறுகியிருந்தது. என் கைக்குப் பட்ட இறுக்கம் அந்தத் துருவின் இறுக்கம். பின் சில்லுக்கு அதில் பாதிகூடப் போயிருக்காது.

"நாலு கிறிக்கில நிக்கும் அண்ணே," என்றேன். "மலையில கொண்டுபோய் விட்டாலும் அசையாது."

அவர்கள் வண்டியில் பாலை மரத்தில் வெட்டிய கட்டை ஒன்று இருந்தது. சில்லுக்கு முட்டுக்கொடுக்கிற கட்டை. தூக்க லேசாக இருக்கட்டும் என்று அதில் நீல நிற வலைக்கயிறு ஒரு வளையமாகக் கட்டியிருந்தது. அதை நான் எடுத்து வெளியே போட்டேன். நான் செய்த வண்டிக்குக் கட்டை வைப்பது எனக்கு அவமானம் என்றேன். பார்த்துக்கொண்டு நின்றவர்கள் சிரித்தார்கள். கமக்காரரும் சிரித்தார். அவர் மனைவி மட்டும் கட்டையைக் குனிந்து தொட்டார்.

"அது கிடக்கட்டுமே நானா," என்றார். "அது ஒரு பாரமே?"

வேண்டாம் தங்கச்சி, என்னை நம்புங்கோ என்று சொன்னேன். அவர் கையை எடுத்துக்கொண்டார். கணவன் லொறியை எடுத்தார், போனார்கள். கட்டையை என் வேலை மேசைக்குக் கீழே காலால் தள்ளிவிட்டுப் பள்ளிக்குப் போனேன். முதல் சஃப்பில், தொழுகையின் முன்வரிசையில், இடம் கிடைத்தது.

பதினோராம் நாள். மார்கழி மாதம், குளம் முட்டத் தண்ணீர். பயிருக்கு மருந்து அடிக்க அவர் குளத்தில் தண்ணீர் அள்ளப் போயிருக்கிறார். குளக்கட்டில் இருந்து தண்ணீருக்கு இறங்கும் சரிவில் லொறியைப் பின்பக்கமாக இறக்கி நிறுத்தி, தட்டில் இருந்த பெரிய பீப்பாயை நிரப்பினார். பக்கத்தில் உரப் பசளை மூடைகளும் இருந்தன. பற்றரி பலவீனம், நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் வராது, அதனால் இயந்திரத்தை ஓடவிட்டு, கியரைக் கழற்றி, ஹான்ட்பிரேக்கை இழுத்துவிட்டுக் கட்டின் மேலே ஏறிப் போனார், மற்றப் பக்கம் வயலில் நின்ற வேலையாட்களைக் கூப்பிட. மனைவி முன் சீட்டில் இருந்தார். அத்தனை பாரத்தோடு லொறி பின்னுக்கு இறங்கியது. கட்டுக்கு மண் வெட்டிய கிடங்கு அந்த இடத்தில்தான், மூன்று ஆள் ஆழம்.

வின்ச் பூட்டிய லொறி அப்போது மன்னாரில் என்னிடம் மட்டும்தான் இருந்தது. அதற்கும் நான் பெருமைப்பட்டவன்தான். என்னைத்தான் கூப்பிட்டார்கள். நான் போகும்போது அந்தத் தங்கச்சியை வெளியே எடுத்துக் குளக்கட்டின் மேல் வளர்த்தியிருந்தார்கள், பாயால் மூடி. கணவன் பக்கத்தில் குந்தியிருந்தார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. இரும்புக் கயிற்றை மாட்டி இழுத்தேன். லொறி வந்தது, கதவுகளால் தண்ணீர் கொட்டிக்கொண்டு. இழுக்கிறவன் முதலில் என்ன செய்வான்? வண்டி தடையில்லாமல் வர, உள்ளே கையை விட்டு ஹான்ட்பிரேக்கை இறக்குவான். கை தானாகச் செய்கிற வேலை. என் கையும் உள்ளே போனது. லீவர் மேலே இருந்தது. முழுதாக இழுத்து, நாலாவது கிறிக்கில். அதை இறக்கினேன்.

இதுவரைக்கும் நான் செய்தது வின்ச்காரனின் வேலை. யார் கேட்டாலும் அப்படிச் சொல்லலாம். அரை மணித்தியாலம் கழித்துப் பொலிஸ் வந்தது. சார்ஜன்ட் லொறிக்குள் எட்டிப் பார்த்தார். அங்கே கமக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார், நான் இழுத்தேன், நாலு சத்தம் கேட்டது, எண்ணினேன் என்று. சார்ஜன்ட் என்னைக் கூப்பிட்டார். லீவர் கீழேதானே இருந்தது என்று கேட்டார்.

"ஓம் சேர். கீழதான் இருந்தது."

இந்த நாலு சொல்லைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சுக்கூடத் தேவைப்படவில்லை.

மரண விசாரணையில் கமக்காரரின் கவனயீனம் என்று எழுதினார்கள். மனைவியின் சகோதரர்கள் அவரோடு பேச்சை விட்டார்கள். சில மாதம் அவர் நாலு சத்தம், நாலு சத்தம் என்று சொல்லித் திரிந்ததாகக் கேள்வி. பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார். பிறகு அவரே, நான் இழுக்க மறந்துவிட்டேன் போல என்று சொல்லத் தொடங்கினாராம். இதை எனக்கு ஒரு நெல் வியாபாரி பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அன்று நான் மத்தியானம் சாப்பிடவில்லை.

கராஜில் ஒரு விஷயம் உண்டு. தூரம் ஓடி வந்த வண்டியை நிறுத்தினால், சூடு ஆறும்போது டிரம்மும் புகைக்குழாயும் சத்தம் போடும். டிக், டிக் என்று. எல்லாக் கராஜிலும் கேட்கிற சத்தம்தான். எனக்கு அது லீவர் ஏறுகிற சத்தமாக மாறிவிட்டது. நல்ல பகல் வெயிலில், எட்டுப் பேர் வேலை செய்கிற இடத்தில், நான் எண்ணிக்கொண்டிருப்பேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலோடு நின்றுவிட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவேன். அதற்குப் பிறகு அந்தக் குரல் வரும், கோபமே இல்லாத குரல். அது கிடக்கட்டுமே நானா. கட்டையை எரிக்கலாம் என்று எத்தனையோ தடவை எடுத்திருக்கிறேன். பாலை நன்றாக எரியும். எரிக்கவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. கராஜ் பெரிதாகி இரண்டு தடவை இடம் மாறியபோதும் அது என்னோடு மாறியது. மேசைக்குக் கீழே, அதே மூலை.

ஹஜ்ஜுக்குப் போகிறவன் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லி மன்னிப்புக் கேட்கவேண்டும். அல்லாஹ்வுக்குச் செய்த பிழையை அவன் மன்னிப்பான், மனிதனுக்குச் செய்த பிழையை அந்த மனிதன்தான் மன்னிக்கவேண்டும். நான் தீவு முழுதும் போனேன். உயிலங்குளத்துக்கும் போனேன். கமக்காரரின் வாசலில் நின்று, தெரிந்தோ தெரியாமலோ ஏதும் பிழை செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ என்று எல்லா வீட்டிலும் சொன்னதையே சொன்னேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நீங்கள் எனக்கு என்ன பிழை செய்தீர்கள், அன்றைக்கு லொறியோடு வந்து நின்றது நீங்கள்தானே, மன்னிப்பு எல்லாம் தந்தாயிற்று, போய் வாங்கோ என்றார். தேத்தண்ணி தந்தார். குடித்தேன். அந்த மன்னிப்பை எடுத்துக்கொண்டுதான் மக்காவுக்குப் போனேன். அரபா வெளியில் லட்சக்கணக்கான சனம் அழுதது. நானும் கையை ஏந்தி நின்றேன், அல்லாஹ்விடம் கேட்கிற துஆ வாயில் வரவில்லை. தேத்தண்ணியின் இனிப்புத்தான் வந்தது.

ஆக, அந்த மகளின் காருக்குக் கீழே படுத்திருந்தேன்.

பதுளைக்காரர் செய்ததும் நான் அன்று செய்ததும் ஒரே பிழை. ஷூவை உள்ளே சரிசெய்யாமல் கேபிளில் விளையாடியிருந்தார். நான் கேபிளைத் தளர்த்தினேன். இரண்டு சில்லையும் டிரம்மையும் கழற்றினேன். ஷூவோடு இருக்கிற சின்ன லீவர் தன் இடத்துக்குத் திரும்பி வருகிறதா என்று விரலால் தள்ளிப் பார்த்தேன். கேபிளின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் தோலுக்குள் கரகரத்தது. நாலு வருடத்துக்கு முன் வாங்கும்வரை இந்தக் கார் கடற்கரை ஊரில்தான் ஓடியதாம். மகனை அனுப்பிப் புதுக் கேபிள் எடுப்பித்தேன். பல்லுச் சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் திருப்பி, டிரம்மைப் போட்டு, சில்லைக் கையால் சுழற்றிக் காதை வைத்துக் கேட்டேன். ஷூ டிரம்மில் உரசும் சத்தம் சீலையில் விரல் ஓடுவது மாதிரி வரவேண்டும். வந்தது. கால் பிரேக்கைப் பத்துப் பதினைந்து தடவை மிதிக்கச் சொன்னேன், ஷூ நடுவுக்கு வந்து உட்கார. அதற்குப் பிறகுதான் கேபிள் நட்டு. ஆறு கிறிக். அதற்குமேல் லீவர் போகவில்லை, ஒரு சில்லும் சுழலவில்லை. இறக்கினேன். இரண்டும் தடையில்லாமல் சுழன்றன.

நிமிர்ந்து பார்த்தேன். பெண்பிள்ளை என் வேலை மேசைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். நீலக் கயிறு அவள் கையில் இருந்தது.

"ஹாஜியார், இது அம்மா கட்டின கயிறு," என்றாள். "மூண்டு முடிச்சு. அம்மா எப்பவும் மூண்டு முடிச்சுத்தான் போடுறவ. இது எப்பிடி இங்க?"

நான் உண்மையைச் சொல்கிறேன். அந்தக் கட்டையை அவள் காணாமல் இருந்திருந்தால், ஆறு கிறிக்கோடு காரை அனுப்பிவிட்டுக் கதிரைக்குப் போயிருப்பேன். அவர் ஏறிப் போயிருப்பார், நானும் நல்ல வேலை செய்தேன் என்று இருந்திருப்பேன். அவள் கண்டுவிட்டாள். விபத்துக்குப் பிறகு லொறியில் இருந்து எடுத்தீர்களா என்று கேட்டாள். அதற்கு ஓம் என்று சொல்லலாம்தான். பழைய ஓம் சேர் தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் எனக்குப் பின்னால் காரின் டிரம் சத்தம் போட்டது. ஓடாத காரில் அந்தச் சத்தம் எப்படி வரும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் எண்ணவில்லை.

விபத்துக்கு முதல் எடுத்தது, என்றேன். உங்கள் அப்பாவுக்கு நேரில் சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது, பிரேக்கையும் சரிவில் வைத்துத்தான் பார்க்கவேண்டும், இரண்டுக்கும் ஒரே இடம்தான் என்றேன். கட்டையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் இருந்தாள். காரை நான் ஓட்டினேன். பாலம் கடந்து உயிலங்குளம் போனோம். அவள் கயிற்றின் முடிச்சுகளைத் தடவிக்கொண்டு வந்தாள்.

கமக்காரர் வீட்டு வேலியில் நின்றார். மகள் போய்க் குளக்கட்டுக்கு வரச் சொன்னாள். காரில் ஏறாமல் சைக்கிளில் பின்னால் வந்தார். நல்லாய் மெலிந்துவிட்டார். நான் காரை அந்தச் சரிவில், அதே மாதிரிப் பின்பக்கமாக இறக்கினேன். மகளை இறங்கச் சொன்னேன். கியரைக் கழற்றினேன், இயந்திரம் ஓடியபடி, ஹான்ட்பிரேக்கை இழுத்துக் காலை எடுத்தேன். பின்னால் தண்ணீர் எட்டு முழத்தில். கார் அசையவில்லை. உள்ளேயே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவர் கண்ணாடிப் பக்கம் வந்து குனிந்தார்.

"எத்தினை சத்தம் நானா?"

ஆறு என்றேன்.

"அண்டைக்கு நாலு," என்றார். பிறகு அவரே, "இல்லை, அது எனக்குப் பிரமை. நான் இழுக்கேல்லை" என்றார்.

இறங்கினேன். மகளின் கையில் இருந்த கட்டையை வாங்கி அவருக்கு முன்னால் நிலத்தில் வைத்தேன். அதை அவர் பார்த்த பார்வையை நான் சொல்லமாட்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். லைனர் மாற்றியதை, உள்ளே கைவைக்காமல் நட்டை இறுக்கியதை, தட்டை நிலத்தில் மூன்று பேரை வைத்துத் தள்ளிப் பார்த்ததை, கட்டையை வெளியே போட்டதை. லொறியை வெளியே இழுத்தபோது லீவர் இருந்த இடத்தைச் சொன்னேன்.

"மேலதான் இருந்தது. நாலாவதில. நான்தான் இறக்கினனான். சார்ஜன்ட் கேட்க, கீழ இருந்தது எண்டு சொன்னனான்."

அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. ஏன் என்று. என் கராஜ் போய்விடும் என்று பயந்தேன் என்றேன். அது உண்மை. பதினான்கு வருடம் அதற்கு வேறு பெரிய பெரிய காரணமெல்லாம் தேடியிருக்கிறேன். சொல்லும்போது அது இவ்வளவு சின்னதாக வந்தது.

அவர் என்னை விலத்திக்கொண்டு போய்க் காரின் ஓட்டுனர் சீட்டில் ஏறினார். பதினான்கு வருடமாக எதிலும் ஏறாதவர். மகள் கதவைப் பிடித்துக்கொண்டாள். அவர் கால் பிரேக்கை மிதித்து லீவரை இறக்கினார். திரும்ப இழுத்தார், மெல்ல, ஒவ்வொரு சத்தமாக. அவர் வாய் எண்ணியது. ஆறுக்கு வந்ததும் காலை எடுத்தார். கார் நின்றது. அவர் கை லீவரிலேயே இருந்தது.

"நான் இழுத்தனான் பிள்ளை," என்றார்.

மகள், ஓம் அப்பா என்றாள். அவர் திரும்பவும் அதையே சொன்னார். எத்தனை தடவை சொன்னார் என்று நான் எண்ணவில்லை. அவளும் ஒவ்வொரு தடவையும் ஓம் அப்பா என்றாள். பதினைந்து வயதில் தாயைப் பறிகொடுத்துவிட்டு, இத்தனை வருடமும் தகப்பனைக் குற்றவாளியாகத்தான் அவளும் நினைத்திருப்பாள். நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு முகம் இல்லை. குளத்தில் இருந்து காற்று வந்தது. அந்தத் தங்கச்சியைப் பாயால் மூடிக் கிடத்தியிருந்த இடம் எனக்குத் தெரியும், அந்தப் பக்கம் இப்போதும் நான் திரும்பவில்லை. ஆனால் அங்கே ஒருவர் இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பது போலவே இருந்தது.

அவர் இறங்கி என் முன்னால் வந்து நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன்.

"ஹஜ்ஜுக்குப் போகேக்கை என்னட்ட ஒண்டு வாங்கிக்கொண்டு போனீங்கள்," என்றார். சத்தம் உயரவில்லை. "அதை நான் திருப்பி எடுக்கிறன்."

நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது? அது களவாக வாங்கிய பொருள்.

மகளைப் பார்த்து, வீட்டில் பை கட்டி வைத்திருக்கிறேன், எடுத்துக்கொண்டு வெளிக்கிடுவோம் என்றார். பாலைக்கட்டையைக் கயிற்றில் பிடித்துத் தூக்கி, டிக்கியில் இருந்த இரண்டு கல்லையும் எறிந்துவிட்டு, அதை உள்ளே வைத்தார். முன் சீட்டில், மனைவி இருந்த பக்கம், ஏறி இருந்தார். கதவைச் சாத்தமுன் சைக்கிளைக் காட்டினார். "நானா, நடந்து போகாதேங்கோ. அதை எடுத்துக்கொண்டு போங்கோ. எனக்கு இனி வேண்டாம்."

மகள் ஓட்ட, கார் குளக்கட்டில் ஏறி ரோட்டுக்கு இறங்கியது. நான் சைக்கிளை எடுத்தேன். சீட்டு எனக்கு உயரம். பாலத்தில் காற்று எதிர்த்து அடித்தது, இறங்கி உருட்டிக்கொண்டு வந்தேன். ஹாஜியார் சைக்கிளோடு நடந்து வருகிறார் என்று மீன் லொறிக்காரர் இரண்டு பேர் நிறுத்தினார்கள், ஏற்றிவிடவா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். கராஜுக்கு வந்தபோது மகன் சைக்கிளை வாங்கி உள்ளே வைத்தான். பிறகு ஒரு நாள் எல்லாவற்றையும் அவனுக்குச் சொன்னேன். அன்றிலிருந்து பின் பிரேக் மாற்றிய எந்த வண்டியும் குளக்கட்டுச் சரிவில் நின்று காட்டாமல் சொந்தக்காரர் கைக்குப் போவதில்லை. தூரம் என்று முணுமுணுக்கிறார்கள், போகட்டும்.

சைக்கிள் மேசைக்குப் பக்கத்தில், கட்டை கிடந்த மூலையில் நிற்கிறது. சத்தம் இப்போதும் கேட்கிறது. அவர் மலையில் பேரனைத் தூக்கிக்கொண்டு திரிவதாகக் கேள்வி, ஒரு கண்ணும் சத்திரசிகிச்சை செய்தாயிற்றாம். பொங்கலுக்கு ஊருக்கு வருவாராம். வந்தால், சைக்கிளைக் கொடுக்கிற சாட்டில் போய் வாசலில் நிற்கலாம். மன்னிப்புத் தருவாரோ மாட்டாரோ, இந்தத் தடவை என்ன பிழைக்கென்று சொல்லிக் கேட்கலாம். வெள்ளிக்கிழமைகளில் ஜும்மாவுக்குப் போகமுன் இரண்டு சில்லுக்கும் காற்று அடித்து வைக்கிறேன்.